மேற்குக் கரையில் ஒதுங்கிய பச்சை

வாசகியின் கடிதம் (சுருக்கமாக):

ஐயா, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. இரண்டு கலப்பினக் கறவைகளும் ஆறு வெள்ளாடுகளும் வைத்திருக்கிறோம். தை பாதியிலிருந்து எங்கள் ஊர் ஏரித் தண்ணீர் பச்சைப் பெயிண்டைக் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. போன வாரம் மாமனார் பசுவுக்கும் ஆடுகளுக்கும் மேற்குக் கரையில் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். கூடப்போய் ஏரியில் இறங்கிய நாய் வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் வெட்டி இழுத்துச் செத்தது. மறுநாள் விடியற்காலையில் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. பசு தீனி எடுக்காமல் நின்றது; இப்போது அதன் காம்புகளிலும் வெள்ளைத் திட்டுகளிலும் தோல் உரிகிறது. அதே ஏரியில் குளித்த எட்டு வயது மகனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு முறை வாந்தி. யாரோ பூச்சிமருந்து கலந்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டை நடக்கிறது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் தெளிந்துவிடும் என்கிறார்கள் சிலர். நீலப்பச்சைப் பாசி வயலுக்கு உரமாயிற்றே, அது எப்படி விஷமாகும் என்கிறார் மாமனார். பாலை என்ன செய்வது? தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானவற்றை, அதாவது பிள்ளைகளையும் கால்நடைகளையும் ஏரிப்பக்கமே விடக்கூடாது என்பதையும், மகனை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும், பசுவை வெயிலில் கட்டக்கூடாது என்பதையும், கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஆனாலும் எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் ஏரியையும் குளத்தையும் நம்பி மாடு வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மாசி, பங்குனியில் நீர்மட்டம் இறங்க இறங்க உங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மகனைப் பற்றி. நான் மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவன் அல்லன்; ஆகவே மருத்துவரிடம் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். பச்சைப் படலம் மிதந்த நீரில் குளித்தான், கொஞ்சம் விழுங்கியும் இருக்கலாம், அதே நீரைக் குடித்த ஆடுகள் செத்தன என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றைச் சொல்லாவிட்டால் இது வெறும் வயிற்றுக் கோளாறாகவும் வெயில் தடிப்பாகவும் தோன்றக்கூடும். இத்தகைய நீரில் குளித்தவர்களுக்குத் தோல் தடிப்பு, கண் எரிச்சல், தொண்டை வலி, வாந்தி, பேதி, காய்ச்சல் ஆகியவை வருவதுண்டு. பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கருத்துப் போனாலும், வலது விலாவுக்குக் கீழே வலி என்று சொன்னாலும், காரணமின்றித் தூங்கிக்கொண்டே இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தைகள் நீரில் நெடுநேரம் ஆடுகிறார்கள், பெரியவர்களைவிட அதிகமாக விழுங்குகிறார்கள், உடல் எடையோ குறைவு. அதனால் தாத்தாவுக்கு ஒன்றும் செய்யாத அளவு பேரனைப் படுக்க வைத்துவிடும்.

இனி, ஏரியில் இருப்பது என்ன என்பதற்கு வருகிறேன். பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசிதான். உங்கள் மாமனார் சொல்வதில் உண்மை இருக்கிறது. நெல்வயலில் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்பதை நம் நாட்டு அறிவியலாளர் பி. கே. டே 1939இல் எழுதினார். பிறகு அதை உயிர் உரமாகவே வளர்த்துக் கொடுத்தார்கள். பாசி என்று பெயர் இருந்தாலும் இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. அந்தப் பெரிய குலத்தில் வயலுக்கு உதவும் வகைகளும் உண்டு, நஞ்சு சுரக்கும் வகைகளும் உண்டு. கோடையில் நம் குளங்களைப் பச்சைக் கூழாக்குவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வகை. அது தழைச்சத்தைப் பிடித்துத் தருவதும் இல்லை. அதிலும்கூட ஒரே வகையின் ஒரு கூட்டம் நஞ்சு சுரக்கும், இன்னொரு கூட்டம் சுரக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். போன வருஷமும் பச்சையாகத்தான் இருந்தது, மாடுகள் குடித்தன, ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து இந்த வருஷத்துத் தண்ணீரை எடைபோடக் கூடாது.

எல்லாப் பச்சையும் இந்தப் பச்சை அல்ல என்பதால், வீட்டிலேயே பார்க்கக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஒரு நீளக் குச்சியைப் படலத்துக்குள் விட்டுத் தூக்குங்கள். தலைமயிர் போல இழை இழையாகத் தொங்கினால் அது நூற்பாசி. குட்டி இலைகளாக ஒட்டிக்கொண்டு வந்தால் நீர்ப்பூண்டு. பெயிண்டில் தோய்த்தாற்போல் குச்சி முழுவதும் பச்சை பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு அந்த நீரை எடுத்து, குலுக்காமல் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே கூடி, பாட்டிலின் கழுத்தருகே பட்டையாக நின்றால் நாம் அஞ்சும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு அது நீருக்குள் ஏறவும் இறங்கவும் செய்கிறது. இந்தச் சோதனைகள் வகையைக் காட்டுமே தவிர, நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டா. ஆகவே மேலே கூடினால் நஞ்சு இருப்பதாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

மிதக்கும் இந்தக் குணத்தில்தான் உங்கள் ஆடுகளின் கதை இருக்கிறது. காற்றில்லாத இரவில் பாசி மேலே ஏறி, விடியும்போது ஏரி முழுவதும் ஆடைபோல் பரந்து நிற்கும். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கத்தில் வீசுவது கிழக்குக் காற்று. பொழுது ஏறிக் காற்று எழுந்ததும் அந்த ஆடை முழுவதையும் மெல்லத் தள்ளிக்கொண்டு போய் மேற்குக் கரையில் குவித்துவிடும். ஏரி முழுவதும் பரந்திருந்தபோது நீர்த்திருந்த நஞ்சு, கரையோரத்தில் சில அடி அகலத்துக்குள் பல மடங்கு செறிந்துவிடுகிறது. மேற்குக் கரையில் சரிவு குறைவு, கால்நடை இறங்க வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமனார் நல்லெண்ணத்தோடு ஆடுகளைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், ஏரியிலேயே மிக மோசமான இடமாக அமைந்துவிட்டது. அவர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள். மேல்காற்று திரும்பும்போது இதே குவியல் கிழக்குக் கரைக்கு மாறும். இடையில் ஒருநாள் மதியம் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். அது கீழே இறங்கியிருக்கும்.

இது புதிய நோயும் அல்ல. 1878இல் தென் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் ஆடு, குதிரை, நாய், பன்றி எல்லாம் தண்ணீர் குடித்துச் சில மணி நேரத்தில் செத்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் அந்தப் படலத்தைப் பச்சை எண்ணெய்ப் பெயிண்டுக்கு ஒப்பிட்டார்; நீங்களும் அதே உவமையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். காற்று அதைக் கரையில் ஒதுக்குவதையும் அவர் கவனித்திருந்தார். 2020இல் போட்ஸ்வானாவில் 300க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தபோது, நீர்க்குட்டைகளில் பெருகிய இதே இனத்து நரம்பு நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

நஞ்சுகளில் இரண்டு வழிகள் உண்டு. அனாடாக்சின் போன்றவை நரம்பைத் தாக்கும். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, மூச்சடைப்பு என்று சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முடித்துவிடும். மைக்ரோசிஸ்டின் போன்றவை ஈரலைத் தாக்கும். விலங்கு சோர்ந்து, தீனி மறந்து, வாயும் கண்ணின் உட்தோலும் வெளுத்து, சில நேரம் ரத்தப் பேதியோடு, ஒரு நாள் இரண்டு நாளில் விழும். ஒரே ஏரியில் பல வகைகள் கலந்து இருக்கலாம் என்பதால், உங்கள் நாய் ஒரு மாதிரியும் ஆடுகள் ஒரு மாதிரியும் செத்ததில் முரண் இல்லை. நாய்க்கு இன்னொரு கேடும் உண்டு. நீரிலிருந்து ஏறியதும் அது தன் உரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும். உரோமத்தில் ஒட்டிய படலம் முழுவதும் வயிற்றுக்குள் போய்விடும். எந்த விலங்காவது தவறி இறங்கிவிட்டால், நக்குவதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கழுவும் உங்கள் கைக்கும் உறை வேண்டும். கரையில் காய்ந்து அப்பளம்போல் உரிந்து கிடக்கும் படலத்திலும் நஞ்சு மாதக்கணக்கில் இருக்கும். ஏரி வற்றிவிட்டது, இனி பயமில்லை என்று ஆடுகளை அங்கே மேயவிடக் கூடாது.

பசுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்புத் திட்டுகளில் தோல் நன்றாக இருக்கிறது, வெள்ளைத் திட்டுகளில் மட்டும் விறைத்து, பொருக்குத் தட்டி, காகிதம்போல் உரிகிறது, காம்பைத் தொட்டாலே உதைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிடத் தெளிவாக ஒரு மருத்துவருக்கு யாரும் எழுத முடியாது. பசுந்தீவனத்தின் பச்சையம் வயிற்றில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளை, நல்ல நிலையில் உள்ள ஈரல் பித்தத்தோடு வெளியே அனுப்பிவிடும். ஈரல் அடிபட்டிருந்தால் அது ரத்தத்தில் தங்கித் தோலுக்கு வரும். அங்கே வெயில் பட்டதும் தோலை வேகவைத்துவிடும். கறுப்பு நிறம் வெயிலைத் தடுத்துக்கொள்கிறது, வெள்ளைக்கும் காம்புக்கும் மூக்குக்கும் அந்தக் காப்பு இல்லை. ஆகவே இதைத் தோல் நோய் என்று எண்ணிக் களிம்போடு நின்றுவிடாதீர்கள், இது ஈரலின் நோய். உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கும் இதே அடையாளம் வரும். வரப்பிலும் வேலியிலும் அது நம் பக்கம் நிறையவே இருப்பதால், மாடு அதைத் தின்றிருக்கக்கூடுமா என்பதையும் நினைவுபடுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்று இல்லை. குடித்த சில மணி நேரத்துக்குள் தெரிந்தால், மருத்துவர் மருந்துக் கரியைக் கரைத்துக் கொடுத்து வயிற்றிலிருப்பதைப் பிடிக்கப் பார்ப்பார்; பிறகு குளுக்கோஸ், உயிர்ச்சத்துகள் என்று உடலைத் தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை. நீங்களாக எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்ற வேண்டாம், தளர்ந்த மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஈரல் தேறும்வரை மருத்துவரைக் கேட்காமல் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, சண்டைக்கும் சமாதானத்துக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டியது. திடீரென்று செத்த கால்நடையை மருத்துவர் பார்க்கும்முன் யாரும் அறுக்கக் கூடாது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருத்த ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். காதின் ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து அது இல்லை என்று உறுதியான பின்பே உடலைத் திறக்க வேண்டும், ஏனெனில் அது மனிதர்களுக்கும் தொற்றும். உங்கள் ஆடுகளைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தது நல்லது. இறைச்சியை வீணாக்கலாமா என்று கேட்டவர்களுக்கு நீங்கள் மறுத்ததும் மிக நல்லது.

இனிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இதை எழுதும்போது எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு குளக்கரையில் இரண்டு எருமைகள் எச்சில் ஒழுக, உடல் நடுங்கி விழுந்து செத்தன. பூச்சிமருந்து நஞ்சுக்கும் அதே அடையாளங்கள்தாம். நான் பூச்சிமருந்து என்று எழுதிக் கொடுத்தேன். குளத்துக்கு மேலே கத்தரித் தோட்டம் வைத்திருந்தவரோடு அந்த ஊர் பல ஆண்டுகள் பேசவில்லை. அன்று என் செருப்பின் ஓரத்தில் பச்சைப் பெயிண்டு போல ஒட்டியிருந்ததை வீட்டு வாசலில் நானே தேய்த்துக் கழுவினேன். அதைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுகளில் ஒன்று பூச்சிமருந்து தாக்கும் அதே நொதியைத் தாக்குகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். பூச்சிமருந்தானால் மூளையிலும் அந்த நொதி குறைந்திருக்கும். பாசி நஞ்சு மூளைக்குள் நுழைவதில்லை, ரத்தத்தில் மட்டுமே குறைந்திருக்கும். மூளையை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் வேறுபடுத்தியிருக்கலாம். அந்த மனிதர் இப்போது இல்லை.

ஆகவே உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நான் பணிந்து கேட்டுக்கொள்வது, ஆய்வு முடிவு வரும்வரை யார் மேலும் பழி சொல்லாதீர்கள் என்பதே. பெயிண்டு போன்ற நீர், காற்று ஒதுக்கிய கரை, பசுவின் தோலில் காணும் ஈரல் கோளாறு ஆகிய மூன்றும் பாசியையே சுட்டுகின்றன. பூச்சிமருந்தோ, மாட்டுக்கு நஞ்சாகும் இளஞ்சோளத் தட்டோ வெள்ளைத் திட்டை மட்டும் பார்த்து உரிக்காது.

மயில்துத்தம், பிளீச்சிங் பவுடர், காய்ச்சுதல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம். நம் ஏரிகளில் பெருகும் வகையின் நஞ்சில் பெரும்பகுதி, பாசி உயிரோடிருக்கும்வரை அதன் உயிரணுவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. நாம் பாசியைக் கொல்லும்போது அந்த உறை உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் ஒரே நாளில் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. அதுவரை கரையோரத்தில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த ஆபத்து, தெளிந்த நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தாக மாறிவிடுகிறது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி பெருகி நாற்றம் அடிக்கிறது என்று மயில்துத்தம் போட்டார்கள். அடுத்த சில நாட்களிலேயே 148 பேர் ஈரல் வீக்கம் போன்ற நோயோடு மருத்துவமனைக்கு வந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தண்ணீர் தெளிவதைப் பார்த்து ஊர் நிம்மதியடைந்த நேரத்தில்தான் அது நடந்தது. உங்கள் ஏரியில் யாரும் அதைச் செய்ய விடாதீர்கள். இதற்காகச் சண்டை போட வேண்டி வந்தாலும் போடுங்கள்.

காய்ச்சினாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது. கொதிக்கும் வெப்பத்தைத் தாங்கும். கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டுவதால் செறிவும் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியின் நஞ்சு குழாய் நீரில் வந்தபோது, ஏறத்தாழ 5 லட்சம் பேரிடம் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சவும் செய்யாதீர்கள் என்றே அறிவித்தார்கள். துணியில் வடிகட்டுவதும் படிகாரம் போட்டுத் தெளியவைப்பதும் கரைந்த நஞ்சை நீக்கா. குளோரின், சுத்திகரிப்பு நிலையத்தில் பாசியை முதலில் வடித்து நீக்கிய பிறகு போதிய நேரம் கலந்து நின்றால் நஞ்சைச் சிதைக்கும். பச்சைக் கூழின் மேல் பிளீச்சிங் பவுடரை வீசுவது அதைப் போன்றது அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் நாள்தோறும் குடிக்கும் நீருக்கு வைத்திருக்கும் எல்லை, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மனத்தில் வையுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஏரியிலிருந்து தள்ளியுள்ள கிணற்று நீரையோ குழாய் நீரையோ எடுங்கள். ஏரிக்கரையிலேயே, சில அடி தூரத்தில் தோண்டிய கிணற்றை இந்த மாதங்களில் நம்ப வேண்டாம். ஊரில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறுக்கு டயாலிசிஸ் நடக்கிறதென்றால், அந்த நீரைப் பற்றி அவர்கள் மருத்துவமனையில் கட்டாயம் விசாரிக்கச் சொல்லுங்கள். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் நீரில் இந்த நஞ்சு கலந்து 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள், ஏனெனில் அங்கே நீர் வயிற்றைக் கடக்காமல் நேரே ரத்தத்தைத் தொடுகிறது.

பாலைப் பொறுத்தவரை, மைக்ரோசிஸ்டின் பாலுக்குள் மிக மிகக் குறைவாகவே வருகிறது என்று கறவை மாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நன்றாகத் தீனி எடுக்கும் மற்றொரு பசுவின் பாலை, அதைக் கிணற்று நீருக்கு மாற்றிவிட்டு, பால் சொசைட்டியில் ஊற்றலாம். நோயுற்ற பசுவின் பாலை வீட்டுக்கும் சொசைட்டிக்கும் கன்றுக்கும் வேண்டாம். மடி கட்டிக்கொள்ளாமல் மெதுவாகக் கறந்து குழியில் ஊற்றிவிடுங்கள். வருமானம் பாதியாகிறது என்பது எனக்குத் தெரியும், அதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். ஏரி மீனை இப்போது பிடிக்க வேண்டாம். செத்து மிதக்கும் மீனைத் தொடவே வேண்டாம். அந்த நீரைக் கீரைப் பாத்திக்குத் தெளிப்பதையும் நிறுத்துங்கள்.

நன்னீர் மட்டுமல்ல, கடலும் இதற்கு விலக்கல்ல. 1997இல் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்து, 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனது, கடலில் பெருகும் நுண்பாசி உண்டாக்கும் நரம்பு நஞ்சு சிப்பியில் சேர்ந்ததால்தான். சமைத்தாலும் அது போகவில்லை. அதே நஞ்சைச் சுரக்கும் வகைகள் ஏரி நீரிலும் உண்டு.

பாசி ஏன் பெருகியது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. நிலைநீர், வெயில், உணவு ஆகிய மூன்றும் கூடியிருக்கின்றன. முதல் இரண்டையும் நாம் மாற்ற முடியாது. நம் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். வெயில் ஏற ஏற ஏரி சுருங்கும், சுருங்கச் சுருங்க அதிலுள்ள சத்து செறியும். நம் கையில் இருப்பது உணவு மட்டும். டி.ஏ.பி. உரம் போட்ட வயலின் வடிநீர், கரைமேல் குவித்த சாணக் குப்பை, மாடு கழுவிய நீர், துணி வெளுத்த சோப்பு நீர் ஆகியவற்றோடு வரும் மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) இதன் சோறு. ஒரு கிலோ மணிச்சத்து சில நூறு கிலோ பாசியை வளர்க்கும். ஆகவே குப்பைக் குழியைக் கரையிலிருந்து தள்ளி, மழைநீர் ஏரிக்கு ஓடாத பக்கம் மாற்றுவதும், கரைக்கும் வயலுக்கும் நடுவே சில அடி அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டுவைப்பதும், மாட்டை ஏரிக்குள் இறக்கிக் கழுவாமல் கிணற்றடியில் தொட்டி கட்டிக்கொள்வதும் அடுத்த தைக்குள் பலன் தரும். நீர் வற்றும்போது அடிவண்டலை அள்ளினால் பல ஆண்டுச் சத்தும் வெளியேறும். அந்த வேலையைத் தொழிலுறப்பு என்னும் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஊராட்சியில் கேளுங்கள். காய்ந்த படலம் கிடக்கும் கரையில் வேலை செய்பவர்கள் வாய், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த மேல்மண்ணை ஆடு மேயும் இடத்தில் கொட்டக் கூடாது.

வேறு தண்ணீரே இல்லாத வீடுகள் உங்கள் ஊரில் நான்கைந்து இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மக்கள் குடிப்பதற்கு லாரித் தண்ணீரை ஊராட்சியிடம் எழுதிக் கேட்க வேண்டும். கால்நடைக்கு வேறு வழியே இல்லையென்றால், காற்று வரும் பக்கத்துக் கரையில், இப்போதைக்குக் கிழக்குக் கரையில், படலம் கண்ணில் படாத இடத்தில், மேல்மட்டத்தையும் அடிமட்டத்தையும் விட்டு நடுமட்டத்திலிருந்து குழாய் வைத்து இறைத்துத் தொட்டியில் காட்டுங்கள். அப்போதும் ஆபத்து குறையுமே தவிர இல்லாமல் போகாது. மேற்குக் கரை முழுவதையும் இன்றைக்கே முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள்.

நீர் மாதிரியை இப்படி எடுங்கள். அகலவாய்க் கண்ணாடிப் பாட்டிலில் படலத்தோடு சேர்த்து முக்கால் பங்கு எடுத்து, நாளும் நேரமும் கரையின் பெயரும் எழுதி ஒட்டி, கறுப்புத் துணி சுற்றி, ஐஸ் வைத்த பெட்டியில் உறைந்துவிடாமல் வையுங்கள். அதை உங்கள் ஊர் மிருக ஆஸ்பத்திரி மருத்துவர் வழியாகவே அனுப்புங்கள். திருச்சூரை அடுத்த மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவருடைய குறிப்போடு போனால் வேலை விரைந்து நடக்கும். தண்ணீரைப் பற்றிக் கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மையத்திடமும் ஊராட்சி கேட்கலாம். இன்னொரு விலங்கு இறந்தால் ஈரலும் வயிற்றிலிருப்பதும் மூளையும் வேண்டும் என்று மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். பசுவுக்குக் காப்பீடு இருந்தால் காதுத் தோட்டின் எண்ணோடு இன்றே ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

பசுவைப் பகல் முழுவதும் கொட்டகையின் நிழலிலேயே கட்டுங்கள், மேய வேண்டுமென்றால் இருட்டிய பிறகு. பத்து நாட்களுக்குப் பசும்புல்லைக் குறைத்து வைக்கோலும் தவிடும் கொடுங்கள், புண்ணாக்கை இப்போதைக்கு நிறுத்துங்கள். உரிந்த இடங்களில் மருத்துவர் தரும் துத்தநாகக் களிம்பைத் தடவி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளஞ்சூட்டு நீரில் காம்பைக் கழுவி, பொருக்கு ஊறிய பிறகு கறந்தால் உதைப்பது குறையும். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையை இந்த வாரம் ஒரு முறையும், மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு முடிவுகளையும் எனக்கு அனுப்பினால், அடர்தீவனத்தை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்று அவற்றைப் பார்த்து எழுதுகிறேன்.